கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளத்தை அரசாங்கம் தரும். நிம்மதியைத் தருவதும் தராமல் விடுவதும் துறைத் தலைவரின் கையில் இருக்கிறது.

வாசிக்கிறவர்களில் விரிவுரையாளர்கள் இருந்தால் இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள், நெஞ்சுக்கு நல்லது. வங்கியிலோ பாடசாலையிலோ அரசாங்கக் கச்சேரியிலோ வேலை செய்கிறவர்களும் எட்டி நிற்க வேண்டாம். உங்களுக்கு மேலேயும் ஒருவர் இருந்திருப்பார். அவர் காலையில் எந்த முகத்தோடு வருகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் லீவு கேட்பதா வேண்டாமா என்று நீங்களும் முடிவெடுத்திருப்பீர்கள்.

நான் கல்முனையில் இருந்து தினமும் பஸ் ஏறி வளாகத்துக்குப் போகிறவள். எங்களுடையது முகாமைத்துவத் துறை. கன வருடமாக நான் படிப்பித்த பாடத்தின் பெயர் தலைமைத்துவம். எதேச்சாதிகாரத் தலைமை, தலையிடாத் தலைமை, ஜனநாயகத் தலைமை என்று பலகையில் எழுதிப்போட்டு ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்ல வேண்டும். நல்ல நல்ல உதாரணங்கள் பக்கத்து அறையிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தன. வாய் திறக்க முடியுமா? இப்போது திறக்கிறேன். ஏசுவதற்காக அல்ல. அன்றைக்குக் கோபப்பட்ட இடங்களில் எல்லாம் இப்போது எனக்கு நன்றிதான் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தது தகுதிகாண் விரிவுரையாளராக. குறித்த காலத்துக்குள் முதுதத்துவமாணி என்கிற எம்.பில். பட்டத்தை முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் ஸலாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் ஆய்வு எங்கள் கரையோர மீனவர் சங்கங்களின் தலைமைத்துவம் பற்றியது. தலைப்பில் ஒரு குறையும் இல்லை. எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை. கீழே வருகிற கதைகளில் நான் சிரித்துக்கொண்டு நின்றாலும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்துகொண்டே இருந்தது.

போட்டோ சேர்

நான் சேர்ந்தபோது இருந்த தலைவரை மாணவர்கள் ‘போட்டோ சேர்’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் ‘சார்’ என்பது ‘சேர்’. விரிவுரை தொடங்கியதும் வகுப்பறையைப் படம் பிடித்துத் துறையின் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது அவருடைய சட்டம். பலகையில் திகதி தெரிய வேண்டும், பிள்ளைகளின் முகம் தெரிய வேண்டும். படம் பிந்தினால் ஏச மாட்டார். குழுவில் ஒரேயொரு கேள்விக்குறி போடுவார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறியைக் கண்டால் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனைத் தூக்குவேன். வீட்டில் என் கணவர் கோபம் வந்தால் பேசாமல் இருப்பார், அதைக்கூடச் சமாளித்துவிடலாம்.

ஒரு மாரி மழை நாள். வீதியெல்லாம் வெள்ளம், பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. புடவைக் கரை சொட்டச் சொட்ட வகுப்புக்குள் ஓடினால், வந்திருந்த பிள்ளைகள் ஒரு வாங்கில் நிறைந்து உட்காரக்கூடக் காணாது. நான் போனை எடுத்து, அவர்களைக் கொஞ்சம் பரந்து உட்காரச் சொல்லி, வகுப்பு நிறைந்தது போலத் தெரிய ஒரு கோணம் தேடிக்கொண்டிருந்தேன். முன் வாங்கில் இருந்த நிந்தவூர்ப் பிள்ளை எழும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டான்: “மிஸ், ஒரு போட்டோவுக்கு எத்தின பேர் காணும்? மத்தவங்க போய் டீ குடிச்சிட்டு வரட்டா?”

ஏசுவதற்கும் ஓர் உரிமை

அதே போட்டோ சேரின் காலம்தான். பரீட்சைப் புள்ளிகள் ஒப்படைக்கச் சிறிது பிந்திவிட்டது. வெளியில் இருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் நடைபாதையில் வைத்து, மாணவர்கள் போய்வந்துகொண்டிருக்கும்போதே, என்னைப் பிடித்து உரத்த குரலில் விளாசத் தொடங்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகுதிகாண் விரிவுரையாளருக்கு நிலத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு பார்வை கிடையாது.

போட்டோ சேரின் கதவு திறந்தது. வந்தார், எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்றார், “சேர், எதெண்டாலும் என்ட ரூமுக்க வந்து என்னோட கதைங்க” என்றார். அதிகாரி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அந்த அதிகாரி ஏசியது போல இரண்டு மடங்கு ஏசினார். நான் அழுதேன். அழுது முடியும்வரை கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு இஞ்சிப் பிளேன்டீ ஒன்று எடுப்பித்து என் முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னார்: “என்ட ஆளுக்கு ஏசுறதெண்டா நான்தான் ஏசுவன். வேற ஒருத்தன் வாயத் திறக்கப்படா.”

பார்ப்பம் சேர்

எங்கள் துறையில் தலைவர் பதவி மூன்று வருடத்துக்கொருமுறை கைமாறும். அடுத்து வந்தவர் பிறவியிலேயே நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் “பார்ப்பம்” என்பார். லீவா, பார்ப்பம். புரொஜெக்டர் பழுதா, பார்ப்பம். அவருக்குச் சவளக்கடைப் பக்கம் வயல் இருந்தது. அறுவடைக் காலத்தில் துறையை ஆண்டவன் பார்த்துக்கொண்டான், வயலைத்தான் சேர் பார்த்தார். அவருடைய அறைக்கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும். உள்ளே ஆள் இருக்காது.

பாடம் பங்கிடுவதையும் அவர் பார்க்கவில்லை. சத்தம் போட்டவர்கள் நல்ல பாடங்களை எடுத்துக்கொண்டார்கள். அமைதியாக இருந்த எனக்கு மிச்சமெல்லாம் வந்து விழுந்தது. அதில் ஒன்று நான் படித்தே இராத பாடம். இரவில் நான் படித்து, பகலில் அதையே படிப்பித்தேன். ஆய்வு இரண்டாம் அத்தியாயத்தில் படுத்துக் கிடந்தது. காலம் மட்டும் கிடு கிடு என்று போனது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி வயலுக்கே போய்விட்டேன். வெட்டு மெஷின் இரைந்துகொண்டிருந்தது. சேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். என் நிலைமையை முழுக்கச் சொன்னேன். “இப்பிடியே போனா எனக்கு வேலை இல்ல சேர்” என்றும் சொன்னேன். உண்மையிலேயே கவலைப்பட்டார். “பார்ப்பம் புள்ள” என்றார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு மூடை புது அரிசி இருந்தது, என் பாடங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. நாங்கள் புறப்படுகிற நேரம் வரம்பில் நின்று கேட்டார்: “என்ட காலத்துல நான் ஒருத்தருக்கும் ஒரு இடைஞ்சலும் குடுக்கல்ல, என்ன புள்ள?”

மடை திறந்த கூட்டம்

மூன்றாவதாக வந்தவர் மலர் மெடம். காரைதீவுக்காரி, இந்து. நான் சேர்வதற்கு முன்பே மேற்படிப்புக்கு வெளிநாடு போயிருந்தவர், திரும்பி வந்த கையோடு தலைவரானார். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய தகப்பன் ஊரில் வட்டைவிதானையாக இருந்தவர் என்று மட்டும் சொன்னார்கள். வயல்வெளிக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற பொறுப்பாளர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கும்.

முதல் கூட்டத்தில் பாடம் பங்கிட உட்கார்ந்தோம். மூத்தவர் முதலில் எடுப்பார், அடுத்தவர் அடுத்து எடுப்பார், அடியில் உள்ளது கடைசி ஆளுக்கு. இதுதான் வழக்கம். மெடம் சொன்னார்: “இந்த முறை கடைசியாச் சேர்ந்த ஆள் முதல்ல எடுக்கட்டும்.” அந்தக் கடைசி ஆள் நான்தான். சபை கொதித்தது. “சீனியோரிட்டி எண்டு ஒண்டு இரிக்கே மெடம்” என்று எழும்பினார் போட்டோ சேர்.

“சிறுபோகத்தில தண்ணி குறைவு சேர்” என்றார் மெடம். “மேல உள்ளவர் முதல்ல மடையத் திறந்தா, கீழ உள்ள வயலுக்கு ஈரம்கூட வராது. அப்பா கடைசி வயலுக்குத்தான் முதல்ல தண்ணி விடுவார். மேல உள்ளவருக்கு வாய்க்கால் பக்கத்திலதானே, எப்பிடியும் கிடைக்கும்.” போட்டோ சேர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதுவரை போனில் நெல் விலை கதைத்துக்கொண்டிருந்த பார்ப்பம் சேர் தலையை நிமிர்த்தினார். “மெடம் சொல்றதுதான் சரி. என்ட வயல் கடைசி வயல். தண்ணி வராம கன போகம் எரிஞ்சிரிக்கு” என்றார். மூன்று வருடத் தலைமையில் அவர் எடுக்காத முடிவை அன்றைக்கு எடுத்தார். போட்டோ சேர் உட்கார்ந்துவிட்டார்.

நான் தலைமைத்துவத்தைக் கேட்டேன். அதுவரை வெளியில் இருந்து ஒருவர் வந்து படிப்பித்துவிட்டுப் போன பாடம். அதை எடுத்தால் வகுப்புக்கு வாசிப்பதே ஆய்வுக்கும் வாசிப்பதாகிவிடும். மெடம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பதிவெழுதும் லிகிதரிடம் “எழுதுங்க” என்றார். எல்லாரும் எடுத்து முடிய ஒன்று மிஞ்சியது. முதலாம் வருடம் முழுவதற்கும் புள்ளிவிபரவியல், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்த பின்னேரம், மைக் கரகரக்கிற பெரிய மண்டபத்தில். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெடம் தன் பெயரைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஜும்மாவும் இல்ல, ஜும்மாவுக்குப் பிறகு நித்திரையும் இல்ல.”

பிறை பார்க்க மறந்தவர்கள்

கொழும்பில் இருந்து தர மதிப்பீட்டுக் குழு ஒன்று எங்கள் துறைக்கு வர இருந்தது. மெடம் கூட்டத்தில் தெளிவாகக் கேட்டார், “நோன்புப் பெருநாள் எப்ப?” கலண்டரைப் பார்த்து “புதன்கிழமை” என்று ஒரே குரலில் சொன்னோம். எங்களில் ஒருவருக்காவது “பிறை கண்டால்” என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றவில்லை. பிறந்ததில் இருந்து பிறை பார்த்துப் பெருநாள் கொண்டாடுகிறவர்கள் நாங்கள்! மெடம் எங்களை நம்பி வியாழனுக்குக் குழுவை அழைத்துவிட்டார்.

செவ்வாய் மாலை பிறை தென்படவில்லை. வியாழன்தான் பெருநாள் என்று வானொலி சொன்ன மறு நிமிடம் எல்லாருடைய போனும் மெடத்துக்குப் போனது. நாளை மாற்ற வழியில்லை. அவர் சிரித்துவிட்டு, “ஒருத்தரும் வளாகப் பக்கம் வரப்படாது, பெருநாளைக் கொண்டாடுங்கோ” என்றார். எங்கள் எல்லாருடைய அறிக்கைகளையும் அவரே படித்து, எல்லாருடைய பாடங்களுக்கும் அவரே பதில் சொன்னார். தொழுகை முடிந்து புதுச் சேர்ட்டோடு போட்டோ சேர் மட்டும் எட்டிப் பார்த்தாராம். ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டுப் போனார்.

பகல் சாப்பாட்டுக்கு மெடம் குழுவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். புரியாணி, அதற்குப் பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம். குழுவில் இருந்த சிங்களப் பேராசிரியர் ஒருவர் தமிழ் படித்தவர். இரண்டாம் தரம் வட்டிலப்பம் போட்டுக்கொண்டே, “எங்களுக்காகவா பெருநாளைப் பிந்திப் போட்டீங்க?” என்று கேட்டார். நான் திருதிரு என்று முழித்தேன். மெடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: “ஓம் சேர், எங்கட துறையில எல்லாம் திட்டமிட்டபடிதான் நடக்கும்.”

கண்டிக்கு வந்த போட்டோ

ஆய்வை முடித்தேன். தலைமைத்துவ வகுப்பில் கதைத்ததெல்லாம் அத்தியாயங்களாகிவிட்டன. வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்குக் கண்டிக்கு வரச் சொன்னார்கள். தவணை முடிய அதிக காலம் இல்லை. இந்த வைவா தவறினால் இன்னொன்றுக்கு இடமில்லை. பார்த்தால் அதே நாள் என் பாடத்துக்குப் பரீட்சை. வினாத்தாள் தயாரித்தவர் மண்டபத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. “நீ போ பிள்ள, இஞ்ச நாங்க இருக்கிறம்” என்றார் மெடம்.

கண்டியில் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வைவாவை விட்டுவிட்டு, அங்கே வினாத்தாள் கட்டை உடைத்தார்களா, யாராவது மாறிக் கொடுத்துவிட்டார்களா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. போன் சத்தம் போட்டது. ஒரு படம். பரீட்சை மண்டபம், பலகையில் திகதி, குனிந்து எழுதுகிற பிள்ளைகள். இப்போது தலைவராக இல்லாத, ஒருவரும் கேட்காமலே மேற்பார்வைக்குப் போய் நின்ற போட்டோ சேர் அனுப்பியிருந்தார். கீழே எழுதியிருந்தார்: “பேப்பர் குடுத்தாச்சி. இஞ்ச யோசிக்காம அங்க பதில் சொல்லுங்க.” எத்தனையோ தரம் நான் சபித்த அந்தப் படங்களில் ஒன்று அன்றைக்கு எனக்குத் தைரியம் தந்தது.

பதில் சொன்னேன். சித்தியடைந்தேன். வெளியே வந்து அழுதுகொண்டு உம்மாவுக்கும் கணவருக்கும் சொன்னேன், துறைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மாலையில் குழுவில் ஒரு கேள்விக்குறி வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. “பாஸ் சேர், வேலை நிரந்தரம்” என்று போட்டேன். பார்ப்பம் சேர், “தயிர் கொண்டு வரப் பார்ப்பம் புள்ள” என்று அதிலேயே எழுதினார். அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. எல்லாரும் மறந்த பிறகு ஒரு நாள் இரண்டு கையிலும் எருமைத் தயிர்ச் சட்டிகளோடு என் அறை வாசலில் வந்து நின்றார்: “பார்ப்பம் எண்டு சொன்னா நான் பாப்பன் புள்ள.”

என் முறை

மெடம் ஓய்வு பெற்றுக் காரைதீவில் இருக்கிறார். சுற்றிச் சுற்றி, தலைவர் கதிரை கடைசியில் என்னிடம் வந்தது. முதல் கூட்டத்துக்கு முதல் நாள் நான் நித்திரை கொள்ளவில்லை. தலைமைத்துவ வகைகள் எல்லாம் மனப்பாடம். அதில் எது நான் என்று மட்டும் தெரியவில்லை.

கூட்டத்தில் மெடத்தின் முறையையே சொன்னேன். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் எடுக்கட்டும். கடைசியாகச் சேர்ந்தவள் றிஸ்னா, மருதமுனைப் பிள்ளை, தகுதிகாண் விரிவுரையாளர், ஆய்வு பாதியில் நிற்கிறது. அவள் தயங்கித் தயங்கி, “மெடம், தலைமைத்துவம்... அது என்ட தீசிஸோடயும் சேரும்” என்றாள்.

அது என் பாடம்! என் மீனவர் சங்கக் கதைகள், பிள்ளைகள் எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த இடங்கள், அத்தனை வருடம். “அது வந்து றிஸ்னா...” என்று தொடங்கிவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பார்ப்பம் சேர் குனிந்து என் காதுக்குள் சொன்னார்: “மலர் மெடமும் அண்டைக்கு இப்பிடித்தான் முழிச்சா புள்ள. அது அவ உண்டாக்கின பாடம்.”

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடம் ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாடு போகுமுன் அவரே பாடத்திட்டம் எழுதி, அவரே வளர்த்து, திரும்பி வந்ததும் படிப்பிக்க ஆசையோடு காத்திருந்த பாடம். அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு கணம் நினைவுக்கு வந்தது. றிஸ்னா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லிகிதரிடம் “எழுதுங்க” என்றேன்.

பின்னேரம் மெடத்துக்குப் போன் எடுத்தேன். “அது உங்கட பாடம் எண்டு ஏன் மெடம் சொல்லல்ல?” என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நீ எடுத்திருப்பியா பிள்ள?” என்றார். அதை இன்றைக்கு றிஸ்னாவுக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். “சரி, உனக்கு மிஞ்சினது என்ன?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமைப் புள்ளிவிபரவியல் என்றேன். போனுக்குள் சிரிப்புக் கேட்டது. “மைக்கைத் திருத்திட்டாங்களா?”

மைக்கை இன்னும் திருத்தவில்லை. ஆனால் தலைமைத்துவம் படிப்பித்த காலமெல்லாம் எனக்கு விளங்காத தலைமைத்துவம், ஜும்மா முடிந்து பாதி நித்திரையில் வருகிற பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டச் சராசரி காணச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கி வருகிறது.